பிரபல வர்த்தகர்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நான் ஏறிய பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். முந்தின நாள் அவர்களுடைய தகப்பன் இறந்துவிட்டார் என்பது பேச்சில் தெரிந்தது. இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். அண்ணன் போனில் மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தார்.

"லண்டன் பிரபல வர்த்தகர் எண்டு போடுறன்."

"அண்ணை, அப்பா சூட்கேசில சீலை கொண்டுபோய் வீடு வீடா வித்தவர். பொலிஸ் குடுத்த லைசென்சில பெட்லர் எண்டுதான் கிடக்கு."

"அதைப் போட்டால் சனம் சிரிக்கும்."

"அது நல்ல பழைய சொல்லாம். பழைய இங்கிலீசில பெட் எண்டால் மூடி போட்ட கூடை. அதைச் சுமந்து ஊர் ஊராப் போய் வித்தவைக்கு வந்த பேர். கூடைக்கு ஏன் அந்தப் பேர் எண்டு இங்கிலீஸ்காரருக்கே தெரியாதாம். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகேக்க அப்பாதான் சொன்னவர்."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"உங்கட கலியாணத்தில, அப்பா கடை வைச்சிருக்கிறார் எண்டு உங்கட மாமனாருக்குச் சொன்னனீங்கள். அப்பா பக்கத்திலதான் நிண்டவர். நீங்கள் கிங்ஸ்பரியில வீடு வாங்கினாப்பிறகு அவர் அந்தப் பக்கம் விக்கப் போகேல்லை."

"அங்க எங்கட ஆக்கள் கனபேர். நல்லா வித்திருக்குமே."

"ஓம். அது அவருக்கும் தெரியும்."

பஸ் இரண்டு தரிப்புகளைக் கடந்தது. அண்ணன் எழுதியதை அழித்தார்.

"வீடு வீடாகச் சென்று சேலை விற்றவர். இப்படிப் போடட்டே?"

"போடுங்கோ அண்ணை. வாசிக்கத்தான் அவர் இல்லை."