ஒரு மணிக்கு மேல்

உங்கள் போன் மேசையில் மூன்றாவது முறையாக அதிர்கிறது, ஐயா. எடுத்துப் பேசிவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பேசிவிட்டீர்களா? வீட்டுக்கு ரொட்டி வாங்கி வரச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. நான் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று எழுத்தரைப் பார்க்கிறீர்கள். அவரும் இவ்வளவு நேரம் தன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கவலை வேண்டாம். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பெயர் ஜலீலா. வயது ஐம்பத்தொன்று. மஹ்தியா நகராட்சி நூலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு, கடைசி ஆறு வருடமாக உஸ்தாத் ஷாதுலியின் வீட்டில் இருந்தேன். வேலைக்காரி என்று எழுத வேண்டாம். சமைத்தேன், துணி மடித்தேன், ஆனால் அதற்காக நான் அங்கே போகவில்லை. அவருடைய கவனத்தைப் பார்த்துக்கொள்ளப் போனேன். இதற்கு என்ன சொல் போடுவது என்று எழுத்தர் யோசிக்கிறார். காரியதரிசி என்று போட்டுக்கொள்ளட்டும்.

உஸ்தாத் எனக்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய வைத்திய நூலைப் பதிப்பிக்க எடுத்துக்கொண்டார். மூன்று கையெழுத்துப் பிரதிகள், மூன்றும் ஒன்றுக்கொன்று முரண். நம் அரபு எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்தின் பெயர் விஷத்தின் பெயராகிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆயிரம் வருடமாக அதற்காக ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

அவர் மனைவி இறந்து நாற்பது நாள் கழிந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போனேன். புத்தகம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன். பதினோராம் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அவர் போனை முப்பத்தெட்டு தடவை எடுத்துப் பார்த்தார். நான் எண்ணினேன். அவருடைய அக்கா ஸகிய்யா மல்லிகைப் பூப் படம் அனுப்பியிருந்தார். உறவினர் குழுவில் யாரோ ஒரு பிரார்த்தனையை அனுப்ப, இருபத்தாறு பேர் அதற்கு ஆமீன் போட்டிருந்தார்கள். பழைய மாணவன் ஒருவனுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அன்றைக்கே வேண்டும். அத்தனை பெரிய மூளையை ஈ மொய்ப்பதுபோல இவர்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை என்னால் சகிக்க முடியவில்லை.

நூலக வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து, முதலில் போன் சத்தத்தை நிறுத்தினேன். பிறகு திரையில் தெரியும் சிவப்பு எண்களை எடுத்தேன். மின்னஞ்சல் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை போன் சமையலறை அலமாரியில், ரவை டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். முதல் வாரம் அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடிக்கடி சமையலறைக்கு வந்தார். நான் தண்ணீர்க் கூஜாவை அவர் அறையில் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரே காலையில் நான்கு பக்கம் முடித்துவிட்டு வந்து நின்றார். "ஜலீலா, என் மூளையை எனக்குத் திருப்பிக் குடுத்துட்டே" என்றார். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொன்னார். "வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் ஒரு மணிக்கு மேல சொல்லு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் சொன்னார்.

பிறகு பதில் எழுதுவதையும் நானே ஏற்றுக்கொண்டேன். அவர் எப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியும்: சின்ன வாக்கியம், முற்றுப்புள்ளி, கீழே பெயர் போட மாட்டார். பரிந்துரை கேட்ட மாணவனுக்கு முதல் பதில் எழுதிக் காட்டியபோது, "நானே எழுதின மாதிரி இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு நான் காட்டவில்லை. காட்டினால் அதுவும் ஒரு தொந்தரவுதானே?

ஆறு வருடத்தில் பதினோராம் பக்கம் நானூற்று முப்பதாம் பக்கம் ஆயிற்று.

இனி வஜ்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உஸ்தாதின் ஒரே மகன், வயது இருபத்தாறு. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிற படிப்பு படித்தான். வேலை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த வேலையில் நிலைக்கவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் நண்பர்களோடு ஒரு அறையில் இருந்தான். மகாராஜா மாதிரி பத்து மணிக்கு எழுந்து, எழுந்தவுடன் அப்பாவுக்குச் செய்தி அனுப்புவான். பார்த்த பூனையைப் பற்றி, காப்பிக் கடையில் நடந்த சண்டையைப் பற்றி, கனவில் அம்மா வந்ததைப் பற்றி. உஸ்தாத் அதையெல்லாம் படித்தால் அன்றைய காலை போய்விடும். பையன்மேல் உயிர் அவருக்கு. அதனால் அவனுக்கும் நானே பதில் போட்டேன். மோசமாக எதையும் எழுதவில்லை. "நல்லது." "பிறகு பேசலாம்." "வேலையாக இருக்கிறேன்." நாளடைவில் அவன் செய்திகளும் குறைந்தன. உஸ்தாத் ஒருமுறை, "வஜ்தி இப்பல்லாம் ஒண்ணும் அனுப்பறதில்ல" என்று வருத்தப்பட்டார். வயசுப் பையன், அவனுக்கும் ஆயிரம் வேலை இருக்கும் என்று நான் சொன்னேன்.

போன செப்டம்பரில் ஒரு நாள் காலை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். முடி வெட்டியிருந்தான். கையில் ஒரு பொட்டலத்தில் அப்பாவுக்குப் பிடித்த மக்ரூத் இனிப்பு இருந்தது, எண்ணெய் காகிதத்தில் ஊறியிருந்தது.

"என்ன லெல்லா ஜலீலா, இன்னிக்கு சொர்க்கத்துக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்றான். கிண்டல் செய்தாலும் லெல்லா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான்.

"ஒரு மணிக்கு மேல வா."

"ஒரு மணிக்குச் சாப்பிடுவாரு, அப்புறம் தூங்குவாரு, எழுந்தா அந்தச் செத்துப்போன வைத்தியரோட உக்காந்துடுவாரு. உயிரோட இருக்கிறவன் எந்த வரிசையில நிக்கணும்னு சொல்லுங்க, அங்க போய் நிக்கிறேன்."

குரலைத் தாழ்த்திப் பேசும்படி சொன்னேன். அவன் உடனே தாழ்த்திக்கொண்டான். அந்தப் பழக்கம் மட்டும் அவனிடம் நன்றாக இருந்தது.

"ரெண்டே நிமிஷம், லெல்லா. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். அவர் போகாதேன்னு சொன்னா போகமாட்டேன்."

எங்கே போகப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும், திருட்டுப் படகில் கடல் தாண்டி அக்கரைக்குத்தான். செப்டம்பர் மாதம், கடல் அமைதி, துறைமுகப் பக்கத்துப் பையன், புதிதாக முடி வெட்டியிருக்கிறான். நீங்களும் இந்த ஊர்க்காரர்தான். அன்று உஸ்தாத் காய்ச்சல்களைப் பற்றிய அத்தியாயத்தில் இருந்தார், முடிக்க இன்னும் ஒரு வாரம் வேண்டியிருந்தது. நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். மக்ரூத்தை நான் வாங்கியதாகச் சொல்லி அவருக்கு வைத்தேன். மூன்று சாப்பிட்டார்.

இனி அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அதற்குத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

காலை பத்து இருபது. நான் சமையலறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அலமாரிக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. அணைந்து மறுபடி தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். வஜ்தியிடமிருந்து ஒன்பது செய்திகள். வரிசையாகச் சொல்கிறேன், எனக்கு மறக்கவில்லை. மோட்டார் நின்றுவிட்டது. பதினான்கு பேர் இருக்கிறோம். ஒரு குழந்தை இருக்கிறது. தண்ணீர் உள்ளே வருகிறது, மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறோம். மற்றவர்கள் போன் எல்லாம் நனைந்துவிட்டது. பேச்சு போகவில்லை, எழுத்து மட்டும் எப்போதாவது போகிறது. பாபா, உங்க பழைய மாணவர் ரியாத் கடலோரக் காவலில் இருக்கிறாரே, அவரிடம் சொல்லுங்கள். நாலு சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது. ஒன்பதாவது, இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம். தொட்டுப் பார்த்தேன். நீலமாக இருந்தது. விரலால் எவ்வளவு சுருக்கினாலும் கரை தெரிய நேரம் எடுத்தது.

எனக்குப் புரியவில்லை என்று என் வழக்கறிஞர் எழுதச் சொல்கிறார். முட்டாள்தனம். நான் படிக்கத் தெரிந்தவள். எல்லாம் புரிந்தது. ரியாதின் எண் அந்தப் போனிலேயே இருந்தது, நானே சேர்த்து வைத்தது. பெருநாள் வாழ்த்தும் நான்தான் அனுப்புவேன்.

போனை எடுத்துக்கொண்டு அறைக் கதவு வரை போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்தேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் நின்றதே அவருக்குத் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது, அப்படியொரு ஆழம். ஆறு வருடம் நான் செங்கல் செங்கலாகக் கட்டியது அது. இதை உள்ளே கொண்டுபோனால் அந்த முகம் என்ன ஆகும் என்று பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு வரி எழுத மாட்டார். கதவைச் சாத்தினேன்.

நானே ரியாதைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். அவன் உடனே உஸ்தாதைக் கேட்டிருப்பான். அரை மணிக்குள் வீட்டில் ஊரே கூடியிருக்கும். ஸகிய்யா அழுதுகொண்டு வந்திருப்பார்.

பதில் எழுதினேன். அவர் எழுதுவதுபோலவே எழுதினேன். "வேலையாக இருக்கிறேன். ஒரு மணிக்கு மேல்." செய்திக்குப் பக்கத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. அவன் படித்துவிட்டான். நான் போனை ரவை டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு மீனைக் கழுவினேன்.

ஒரு மணிக்கு உஸ்தாத் வெளியே வந்தார். அத்தியாயம் முடிந்துவிட்டது என்றார். அவர் கண் சின்னப் பையனுடையதுபோல இருந்தது. மேசையில் உட்கார்ந்து, "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"உங்க அக்கா மல்லிப்பூ அனுப்பியிருக்காங்க" என்றேன்.

சிரித்தார். மீன் நன்றாக இருக்கிறது என்றார். இன்னொரு துண்டு கேட்டார்.

படகு மூன்று மணி வரை மிதந்ததாகப் பிழைத்த இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் பக்கத்து ஊர் ஷெப்பாக்காரர்களின் மீன்பிடிப் படகு அவர்களை எடுத்தது. அவர்களில் ஒருவர் வஜ்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், போனைப் பார்த்தவர். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். பத்தரைக்குச் சொல்லியிருந்தால், ஒரு மணிக்குச் சொல்லியிருந்தால்கூட, வஜ்தியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் பிழைத்திருப்பார்கள் என்கிறீர்கள். கணக்கு சரிதான். நான் மறுக்கவில்லை. அவர்களை நான்தான் சாகவிட்டேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் தங்கள் வாழ்நாளில் எதையாவது ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போலக் கவனித்திருப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை.

உஸ்தாதைப் போன வாரம் இங்கே அழைத்து வந்தீர்கள். நான் பார்த்தேன். உள்ளங்கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சத்தம் முழுவதும் திறந்து வைத்து. ஒவ்வொரு தடவை அது ஒலித்தபோதும் பாதி எழுந்தார். எல்லாம் அனுதாபச் செய்திகள், ஆமீன்கள். பார்த்துவிட்டு உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வெளியே பஸ் நிலையத்தில் நிற்கிற எவனோ ஒருவனைப் போல. புத்தகத்தைத் தொடவில்லையாம். ஒரே அத்தியாயம்தான் பாக்கி. என்னைப் பார்க்கவில்லை. அவரிடம் இருந்த நல்லதெல்லாம் இவ்வளவு சுலபமாகக் கலையும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அந்த ஒன்பது செய்திகளையும் அன்று மத்தியானமே அழித்தேன், என் பதிலையும் அழித்தேன். பத்தாவதாக ஒன்று வந்திருந்தது. அதை ஏன் அழிக்காமல் விட்டேன் என்று கேட்கிறீர்கள். அது தொந்தரவு இல்லை, ஐயா. ஆறு வருடத்தில் அந்தப் போனுக்கு வந்த ஆயிரக்கணக்கான செய்திகளில் எதையுமே கேட்காமல் வந்தது அது ஒன்றுதான். "சரி பாபா. நீங்க எழுதுங்க." அவ்வளவுதான் எழுதியிருந்தான். இத்தனை பேரில் என்னைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.