சின்னத்தங்கத்தின் நாவூறு

"எல்லாரின்ரை காரும் வடிவாய் இருந்தால் நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது, அப்பா?"

நான் கராச் திறந்த புதிதில் என் மகள் ஜெசிதா இப்படிக் கேட்டாள். கார்களுக்குப் பெயின்ற் அடிப்பதும் உரஞ்சிய றிம்களைச் சீராக்குவதும் நான் டோகாவில் பழகிய தொழில். நீங்களே வந்து தீர்த்தம் தெளித்தீர்கள், சுவாமி. ஆனாலும் ஒரு கார் வரவில்லை. குருநகரில் கார் வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளையைப் போலப் பார்க்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் குழந்தைமேல் பழி போடக்கூடாது. ஆனாலும் அது நியாயமான கேள்வி.

முதலில் நான் எந்தக் காரையும் தொடவில்லை. கோயில் ஒழுங்கை திரும்பும் முடக்கில் கிடந்த கல்லை ஒரு சாண் பாதைக்குள் தள்ளி வைத்தேன். அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்த செபநாயகம் அண்ணையின் றிம் அதில் உரஞ்சியது. புதிதுபோல ஆக்கிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அதற்கு முன் அவர் தன் றிம்மைக் குனிந்து பார்த்ததே இல்லை. இழந்ததைத் திரும்பப் பெறும் சந்தோசத்தை ஒரு மனிதருக்குக் கொடுப்பது சின்ன உதவிதான். ஆனால் உதவி.

கல்லை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே கதவுத் திறப்பைக் கையில் எடுத்தேன், அதன் முனையால் கார்களைக் கீறினேன். ஏழைகளின் ஓட்டோவை நான் தொட்டதில்லை. நோயாளியை ஏற்றிவந்த காரைத் தொட்டதில்லை. அடிப்பூச்சு வரை கீறியதுமில்லை, அது கொடுமை. ஒவ்வொரு கீறலுக்கு முன்னும் கார்க்காரருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வேன்.

கீறியவனை ஒருவரும் தேடவில்லை. யாரோ வாய்விட்டுப் புகழ்ந்ததால் பட்ட நாவூறு என்றார்கள்.

ஒழுங்கை முடக்கில் மீன் விற்கும் சின்னத்தங்கம் அக்காவை உங்களுக்குத் தெரியும். புதுக் கார் எது வந்தாலும், "தம்பி, என்ன வடிவான கார், கண்ணாடி மாதிரி மினுங்குது" என்பாள். பொறாமை இல்லாத வாய். அவள் புகழ்ந்த கார்களைத் தேடித்தான் கீறினேன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் இருவருக்கும் ரசனை ஒன்றாக இருந்தது.

அவளுடைய மகள் றொசாந்தியை ஜெயதீபன் என்ற பெடியனுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் நீக்கிலாப்பிள்ளையின் காரையும் அவள் புகழ்ந்தாள். அது மறுநாளே என் கராச்சுக்கு வந்தது.

"உவள் வாய் திறந்தால் காருக்கே இந்தக் கதி," என்றார் அவர். "என்ரை பெடியனுக்கு மாமியாய் வந்தால்?"

"ஓம் அண்ணை," என்றேன். மினுக்கிக்கொண்டிருக்கும்போது வாதாடக்கூடாது.

கலியாணம் நின்றது. சின்னத்தங்கம் அக்கா வாயை மூடிக்கொண்டாள். தன் மீனைக்கூட நல்ல மீன் என்று சொல்லப் பயந்தாள். ஒருநாள் றொசாந்தி கராச்சுக்கு வந்தாள்.

"அண்ணை, நீங்கள் வேலை தெரிஞ்ச ஆள். உது ஆரோ கையாலை கீறினதெண்டு நாலு பேருக்குச் சொல்லுங்கோவன். அம்மா சாப்பிடுறாவில்லை."

"அதை நான் சொல்ல ஏலாது, பிள்ளை," என்றேன். பொய் சொல்லவில்லை, சுவாமி. ஆனால் அன்றைக்கு அவளிடம் கடன்பட்டதாக உணர்ந்தேன்.

அந்தக் கடனைத் தீர்க்க ஒரு வழிதான் இருந்தது. அவளுடைய தாயின் கண்ணும் நாக்கும் படாத ஒரு கார் கீறப்பட வேண்டும். புதன்கிழமை சின்னத்தங்கம் அக்கா கரவெட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். இன்னும் திரும்பவில்லை. வியாழக்கிழமை, வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஆட்கள் சேர்ந்து வாங்கித் தந்த புதுக் கார் உங்களுக்கு வந்தது.

இன்று பின்னேரம் நீங்கள் மற்றவர்களின் பாவங்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் வெளியே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். ஒருவரும் பார்க்கவில்லை. நாளைக்குப் பூசைக்கு வருகிற எல்லோரும் பார்ப்பார்கள், நீக்கிலாப்பிள்ளையும் பார்ப்பார். கரவெட்டியிலிருந்து குருநகர் வரைக்கும் எந்த நாக்கும் நீளாது என்பது அவருக்கும் விளங்கும். நான் இங்கே சொன்னதை நீங்கள் ஒருவரிடமும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். நல்ல காரியத்தை அப்படித்தான் செய்ய வேண்டும்.

இடது பக்கம், பின் கதவு. அடிப்பூச்சு வரை போகவில்லை. திங்கட்கிழமை கொண்டு வாருங்கள், சுவாமி, உங்களிடம் கூலி வாங்க மாட்டேன். வரும்போது முடக்கில் மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.