ஹாலின்ஸ்கேட்டில் ஒன்பது வாக்குகள்

மழை பெய்தால் ஓட்டு குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியில்லை. பதினேழு வருடமாக நான் குறித்து வைத்திருக்கிறேன். மழையென்றால் எங்கள் ஆட்கள் குடையும் பிளாஸ்டிக் தொப்பியுமாக முணுமுணுத்துக்கொண்டே வந்துவிடுவார்கள். வெயில் அடித்தால்தான் ஆபத்து. எல்லோரும் தோட்டத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் பெயர் நார்மன் ஹார்டகர். வயது எழுபத்தொன்று. நகரப் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடும் வேலையில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். ஹாலின்ஸ்கேட் வார்டில் டோரீன் க்ரேவனுக்கு நான் தேர்தல் முகவர். நகர மன்றத்துக்கு ஆறு முறை நின்றாள். முதல் ஐந்து முறையும் தோற்றோம். வியாழக்கிழமை மாலையிலிருந்து மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். ஆனால் நடுவில் ஏறிய பயணிக்கு வண்டி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளை நான் முதலில் பார்த்தது பணிமனையில். என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாப்பத்தாறாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தினது நீங்கதானா?"

"கையெழுத்து மேலாளருது. பென்சில் என்னுது" என்றேன்.

"மேட்டுத் தெருவுல இருக்கறவங்க எல்லாம் என்ன ஆடா, நினைச்சப்ப ஏறி இறங்கறதுக்கு?"

அட்டவணையை விரித்து வைத்து இரண்டு மணி நேரம் என்னோடு சண்டை போட்டாள். கடைசியில் வேறொரு வண்டியில் நான்கு நிமிடத்தைக் கிள்ளி எடுத்து, நாற்பத்தாறை மறுபடி மேட்டில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னபோது, முகவராக யார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் அவளை நேசித்தேன். இதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்க வேண்டியிருக்காது. அவளிடம் சொன்னதில்லை. அவள் கணவர் இருந்தவரை அது முறையில்லை. அவர் போன பிறகு ஒவ்வொரு முறையும் ஏதாவது தேர்தல் வந்துவிட்டது.

எதிரே எப்போதும் ரஸ்ஸல் பிளைத். இருபது வருடமாக அந்த வார்டு அவர் கையில். நாங்கள் கட்சி ஆட்கள் இல்லை, வெறும் குடியிருப்போர் சங்கம். கதவு கதவாகத் தட்டி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுவோம்: நிச்சயம், அநேகமாக, இல்லை. ஐந்து முறையும் எங்களைக் கவிழ்த்தது 'அநேகமாக'தான். வாசலில் நின்று தலையாட்டுவார்கள், டீகூடக் கொடுப்பார்கள், ஓட்டு மட்டும் போட மாட்டார்கள். அறுநூற்றுப் பதினொன்று ஓட்டு வித்தியாசத்தில் ஆரம்பித்த தோல்வி கடைசி முறை முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. முப்பத்தோரு பேர் ஒரு மாடிப் பேருந்தின் கீழ்த்தட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ராத்திரி டோரீன் அழவில்லை. நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருடம் முன்பு பக்கத்து வார்டில், ஓட்டுப்பதிவு அன்று சாயங்காலம் வேட்பாளர் ஒருவர் இறந்துபோனார். முடிவு அறிவிக்கும் முன் வேட்பாளர் இறந்தால் எங்கள் சட்டப்படி அந்தத் தேர்தலே ரத்து. விழுந்த ஓட்டை எண்ண மாட்டார்கள். பெட்டியைக் கட்டி முத்திரை வைத்துவிட்டு, வேறொரு நாளில் வேறு ஆளை வைத்து நடத்துவார்கள். டோரீனால் அதைத் தாங்க முடியவில்லை.

"பாவம்பா அந்த மனுஷன். ஜெயிச்சாரா தோத்தாரான்னே யாருக்கும் தெரியாம பெட்டியைக் கட்டி வெச்சுட்டாங்களே. எனக்கு மட்டும் அப்படி ஆச்சுன்னு வெச்சுக்கோ நார்மன், பேயா வந்து உன்னைப் பிடிச்சுக்குவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது அவள் எனக்கு இட்ட கட்டளை. விளையாட்டாகச் சொன்னாள் என்று எங்கள் சங்கத்துச் சாண்ட்ரா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சாண்ட்ராவுக்கு அவளைப் பத்து வருடமாகத்தான் தெரியும்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். சாண்ட்ரா வாக்குச்சாவடி வாசலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வந்து போகிறவர்களின் வாக்காளர் எண்ணைக் கேட்டு எழுதுவாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தத் தாள் என் வீட்டு முன்னறைக்கு வரும். 'நிச்சயம்' என்று எழுதிய பெயர்களில் யார் போட்டுவிட்டார்களோ அவர்கள் பெயரை நான் கோடு போட்டு அடித்துவிடுவேன். மிச்சமிருப்பவர்களின் கதவை மறுபடி போய்த் தட்டுவோம். நாலரை மணிக்கு டோரீன் நனைந்துபோய் உள்ளே வந்தாள்.

"தலையை வலிக்குது கண்ணு. ஷூவும் ஊறிப்போச்சு. வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் கண்ணை மூடிட்டு வரேன்."

"அஞ்சரைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

கதவருகில் நின்றாள். "இதோட போதும் நார்மன். ஜெயிச்சாலும் தோத்தாலும் சரி. அக்கா கடல் பக்கம் வந்துடச் சொல்றா. தோத்தா இந்த ஆகஸ்ட்லயே போயிடுவேன்."

"இப்போ எதுக்கு இந்தப் பேச்சு. முதல்ல ஷூவைக் கழட்டு" என்றேன். களைப்பில் பேசுகிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஐந்து நாற்பதுக்குப் போனேன். அவள் வீட்டுச் சாவி என்னிடம் ஒன்று உண்டு. சமையலறைத் தரையில் கிடந்தாள். கெட்டிலில் தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கையில் அசைவில்லை. ஆனால் கண் என்னை அடையாளம் கண்டுகொண்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் மண்டியிட்டு அவள் முகத்தைத் துடைத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் முகத்தைத் தொட்டது அப்போதுதான்.

நான் பதறவில்லை. பனிமூட்டத்தில் இருபது வண்டிகள் நின்றுபோன நாட்களில்கூட நான் பதறியதில்லை. யோசித்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே பார்க்கும். மருத்துவமனைக்குப் போவாள். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் ஒரு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுவார். எழுதிவிட்டால் முடிந்தது. ஆறாவது தேர்தலின் பெட்டியைக் கட்டி வைத்துவிடுவார்கள். அவள் பயந்தது அதற்குத்தான். எழுதாத நேரம் யாரையும் கட்டுப்படுத்தாது. இது என் தொழிலில் நான் கற்றது. அதோடு, 'நிச்சயம்' என்று எழுதியதில் இன்னும் போடாதவர்கள் எண்பத்து நான்கு பேர் இருந்தார்கள். இரவு பத்து மணிக்குச் சாவடியை மூடிவிடுவார்கள்.

அவள் இடது கையைத் தூக்கி அலமாரியைக் காட்டினாள். அங்கே வார்டுத் தாள்களின் கட்டு இருந்தது. எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, தெருவாரியாக வாசித்துக் காட்டினேன். மறுபடியும் காட்டினாள். மறுபடியும் வாசித்தேன். நாம் முன்னால் இருக்கிறோம், கவலைப்படாதே என்றேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். அவளுடைய நல்ல கோட்டைப் போர்த்தினேன். வெள்ளிக்கிழமை முடிவுகளை வார்டு வார்டாக வாசிக்கும் உள்ளூர் ரேடியோவைப் போட்டுவைத்தேன், நான் வர முடியாவிட்டாலும் அவளுக்குக் கேட்க வேண்டுமல்லவா. நான் எழுந்தபோது இடது கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்தேன். நான் அவளை வலுவாக இழுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாண்ட்ராவிடம் டோரீனுக்கு ஒற்றைத் தலைவலி என்றேன்.

"நான் போயி கொஞ்சம் சூப் வெச்சுக் குடுத்துட்டு வரட்டுமா?"

"இப்பதான் தூங்கறா. எழுப்பாதே."

எண்பத்து நான்கில் அறுபத்தோரு பேரைச் சாவடிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இதை எந்த முகவரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், பெரிய எண்ணிக்கை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனேன். ஈரத் துணியால் அவள் உதட்டை நனைத்தேன். கை சில்லென்று இருந்ததால் அவளுடைய கம்பளிக் கையுறைகளை எடுத்துப் போட்டுவிட்டேன். விரல்கள் மடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நேரமானது. அவள் இப்போது அலமாரியைக் காட்டவில்லை. அமைதியாகிவிட்டாள் என்று தோன்றியது. பதினோரு மணிக்கு எண்ணிக்கை ஆரம்பம் என்று சொன்னேன். டோரீன் காலை வேளையில் அதிகம் பேச மாட்டாள்.

விளையாட்டு அரங்கில் மேசைகள் போட்டு எண்ணினார்கள். இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு. எங்கள் வரிசையும் பிளைத்தின் வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நீளத்தில் வளர்ந்தன.

"எங்கப்பா உங்க தலைவி? பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டாங்களா?" என்றார் பிளைத்.

"தலைவலி" என்றேன்.

மறு எண்ணிக்கை கேட்டார். கொடுத்தார்கள். ஒன்று நாற்பதுக்கு அறிவித்தார்கள். டோரீன் க்ரேவன், ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு, தேர்ந்தெடுக்கப்பட்டார். ரஸ்ஸல் பிளைத், ஆயிரத்து இருநூற்று மூன்று. செல்லாதவை பதினேழு. ஒன்பது வித்தியாசம். அந்த அறுபத்தோரு பேரைக் கழித்துப் பாருங்கள். நான் ஆம்புலன்ஸோடு போயிருந்தால் 'டோரீன் க்ரேவன், தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்ற இந்த வரியே இல்லை. அவள் எழுதிவைத்திருந்த நன்றியுரையை அவளுக்காக நான் வாசித்தேன். நாற்பத்தாறாம் எண் வண்டி பற்றிய இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது.

பிளைத் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு தடவை தோத்தும் விடலையேப்பா அவங்க. நான் பூ வாங்கிட்டு நேர்லயே போய் வாழ்த்து சொல்லிட்டு வரேன்." அவர் பூக்கடையில் நின்றிருந்த நேரத்தில் நான் முந்திக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முப்பத்தொன்றுக்கு ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் நான்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைப் பார்த்த பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பூங்கொத்தோடு வாசலில் நின்ற பிளைத் அப்படிப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து அழுதார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமையே அழைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் வேட்பாளர் ஜெயிக்கத் தடையில்லை என்றும், உயிரோடு இருந்தாலே போதும் என்றும் நீங்கள் சொன்னீர்கள். சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அந்த அறிக்கையைச் சரியாக வாசிக்கவில்லை. 'அநேகமாகப் பிழைத்திருப்பார்' என்றுதான் இருக்கிறது. அநேகமாக. அந்த வார்த்தையை நம்பி ஐந்து முறை நான் அவளைத் தோற்கடித்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் வழக்கறிஞர் நல்ல பெண். நான் போனபோதே உயிர் போய்விட்டது என்று நினைத்ததாகச் சொல்லிவிடுங்கள், தண்டனை குறையும் என்கிறாள். சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் முடிவு செல்லாது. பிளைத்தின் கட்சிக்காரர்கள் ஏற்கெனவே மனுப் போட்டிருக்கிறார்கள். நகர மன்றப் பட்டியலில் ஹாலின்ஸ்கேட்டுக்கு எதிரே அவள் பெயர் இருக்கும் அந்த ஒரு வரி போய்விடும். அவள் இறந்தது வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி வாக்கில் என்கிறார் டாக்டர். ஐந்து மணி வாக்கில் என்று அட்டவணையில் எழுதினால் ஒருவராலும் வண்டி பிடிக்க முடியாது. என் வாக்குமூலம் இதுதான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வியாழன் ஐந்து நாற்பதுக்கு அவள் உயிரோடு இருந்தாள், அது தெரிந்தேதான் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன். வெள்ளி எட்டு மணிக்கும் உயிரோடு இருந்தாள். ஒன்று நாற்பதுக்கும் இருந்தாள். அந்தத் தரையில் இருபது மணி நேரம் உயிரோடு கிடந்தாள், ரேடியோவில் தன் பெயரைக் கேட்டாள், அதற்குப் பிறகுதான் போனாள். எவ்வளவு வருடம் போட்டாலும் போடுங்கள். அந்த வரியை மட்டும் எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அலமாரியில் தாள்களைத் தவிர வேறென்ன இருந்தது என்று. தொலைபேசி இருந்தது. தாள்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் டோரீனுக்கு ஃபோனில் பேசுவதென்றாலே பிடிக்காது. அவளுக்காகப் பேச வேண்டியதையெல்லாம் எப்போதும் நான்தான் பேசுவேன்.