கருநாக்கு நாயகியின் தவசு

— சேத்துக் காலோட அடுப்படி வரைக்கும் வந்துட்டேன். பாத்தியா நாயகி?

— பாத்தேன்.

— பாத்துட்டுமா சும்மா இருக்க?

— தொடைச்சுக்கலாம். நீங்க ரொட்டியத் தின்னுங்க, பேக்டரிக்கு நேரமாச்சு.

— சும்மா சொல்லக்கூடாது புள்ள, கட்டின நாள்லேருந்து இந்த லயத்துக் காம்பராவுல இப்படி ஒரு அமைதிய நான் பாத்ததில்ல. பயமா இருக்கு. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?

— தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க. சாம்பல் புதன்கிழமை சாமியார் முன்னாடி நேர்ந்துக்கிட்டேன்ல, பாஸ்குத் திருநாள் வரைக்கும் யாரையும் வைய மாட்டேன்னு.

— போன தவசுக்கும் அதான் நேர்ந்த. மொத வாரத்துலயே கங்காணிய வஞ்சுட்டு அழுதுக்கிட்டே வந்த.

— இந்தத் தவசு தாங்கிட்டேன். குருத்தோலை ஞாயிறு வரப்போகுது. நீங்க கெடுத்துறாதீங்க. நீங்களுந்தானே பீடிய விடுறேன்னு நேர்ந்துக்கிட்டீங்க. நேத்து வந்தப்ப சட்டையில என்ன வாடை?

— அது பேக்டரிப் பொகை.

— தேயிலை காயிற வாடையும் பீடி வாடையும் எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சும் நீ திட்டல பாரு, அதுதான் எனக்கு உறுத்துது. திட்டியிருந்தா நிம்மதியா இன்னொரு பீடி குடிச்சிருப்பேன். சரி, எப்படித் தாங்குற, அதச் சொல்லு. எனக்கும் ஒதவும்.

— சாமியார் சொல்லிக் குடுத்ததுதான். வார்த்தை தொண்டைக்கு வந்ததும் மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்லுவேன். அது முடியிறதுக்குள்ள வார்த்தை உள்ள போயிரும். போகலன்னா இன்னொண்ணு.

— அதான் எந்நேரமும் ஒதடு அசைஞ்சுக்கிட்டே இருக்கா. பேக்டரியில கேக்குறானுங்க, கஸ்பரு, ஒன் பொஞ்சாதி தனியாப் பேசுறாளாமேன்னு.

— கேக்கட்டும். வாசல்ல யாரோ நிக்கிறாங்க, பாருங்க.

— அட, லெட்சுமியக்கா. ஏங்க்கா மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க.

— இருக்கட்டும் கஸ்பரு தம்பி. அடுத்த காம்பராவுலேருந்து வந்தவ நனைஞ்சா கரைஞ்சுற மாட்டேன். ஒங்க படி மிதிச்சு ரெண்டு வருசமாச்சு, இப்ப திடுதிப்புன்னு எப்படி உள்ள வர்றது? நான் ஒண்ணு சொல்லணும். ஒன் பொஞ்சாதிகிட்ட சொல்லு.

— இந்தா, இங்கதானே நிக்கிறா. நீங்களே சொல்லலாமே.

— நாங்க பேசிக்கிறதில்லன்னு ஒனக்குத் தெரியாதா தம்பி? நீ சொல்லு.

— என்னங்க, வந்தவங்களுக்குச் சாயத்தண்ணி வேணுமான்னு கேளுங்க.

— அக்கா, சாயத்தண்ணி...

— காதுல விழுந்துச்சு. வேணாம்னு சொல்லு. எம் மருமக ராக்காயி விசயமா வந்திருக்கேன். அவ பெத்த புள்ளைக்கு இன்னும் தலைகூட நிக்கல. பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டுக் கொழுந்தெடுக்க வர்றா. இந்தக் கணக்கப்புள்ள அவளத் தெனமும் உச்சிமலைக்கே வெரட்டுறான். பால் குடுக்க எறங்கிப் போய்த் திரும்ப ஏறி வந்தா நேரமாச்சுன்னு அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தப் புடிச்சுக்கிறான். நேத்து, போகவே கூடாதுன்னுட்டான். பால் கட்டிக்கிட்டு, காய்ச்சலோட நின்னு கொழுந்தெடுத்தா. கீழ புள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு.

— அடப் பாவி. ஒங்க மகன் கந்தப்பன் போய்க் கேக்கலையா?

— எம் மகன் வாயில்லாப் பூச்சி, ஒனக்குத் தெரிஞ்சதுதானே. சங்கத்துத் தலைவர்கிட்ட சொன்னேன். அட்டன் ஆபீசுக்கு எழுதுறேன்னாரு. எழுதி, பதில் வந்து, யாராச்சும் வந்து பாக்குறதுக்குள்ள அந்தப் புள்ளை என்னத்துக்கு ஆகும்? இந்தத் தோட்டத்துல அந்தக் கணக்கப்புள்ள ஒரே ஒரு வாய்க்குத்தான் பயப்படுவான். அந்த வாயத் தொறக்கச் சொல்லு தம்பி. அதக் கேக்கத்தான் வந்தேன்.

— நாயகி, கேட்டியா?

— கேட்டுச்சு. முடியாதுன்னு சொல்லுங்க.

— புள்ள, இது வம்புச் சண்டையில்ல...

— நான் ஏன் வாய மூடினேன்னு அவங்களுக்குத் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பீலிக்கரையில ராக்காயி என் குடத்த இழுத்துத் தள்ளினா. குடம் உருண்டு நசுங்கிப்போச்சு. மாசமா நிக்கிற பொண்ணுன்னுகூட நான் பாக்கல. ஒன் வீட்டுல தொட்டில் ஆடாதுடின்னு சொல்லிட்டேன். தண்ணி எடுக்க நின்ன எல்லாரும் கேட்டாங்க. அந்த வாரமே அவளுக்கு மொதப் புள்ளை செத்துப் பொறந்துச்சு. லயமே எனக்குக் கருநாக்குன்னு பேரு வச்சுச்சு. வச்சது தப்புன்னு நான் சொல்லல. அந்தக் கருநாக்கத்தான் இப்ப இரவல் கேட்டு வந்திருக்காங்களான்னு கேளுங்க.

— அக்கா...

— கேட்டேன் தம்பி. ஆமான்னு சொல்லு. வேற போக்கிடம் இல்லாம அதத்தான் கேட்டு வந்திருக்கேன்.

— ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரன் மாதிரி நிக்கிறேன். இரு நாயகி, நான் ஒண்ணு கேக்குறேன். பொகவந்தலாவைக் கோயில்ல சாமியார்கிட்ட நீ நேர்ந்துக்கிட்டது என்ன? வைய மாட்டேன்னா, பேசவே மாட்டேன்னா?

— வைய மாட்டேன்னு.

— அப்பப் பேசலாமே.

— எனக்கு வையாமப் பேசத் தெரியாதுங்க. வாயத் தொறந்தா எது வெளிய வரும்னு எனக்கே தெரியாது. அன்னிக்கும் குடத்தப் பத்திக் கேக்கத்தான் வாயத் தொறந்தேன்.

— பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தியே. சாமியார் மன்னிப்புக் குடுத்தாருல்ல?

— குடுத்தாரு. ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு. நாக்கு மாறிருச்சான்னு எப்படித் தெரியும்?

— பூட்டியே வச்சிருந்தா எப்படித் தெரியும்? தொறந்து பாத்தாத்தானே தெரியும். அங்க ஒரு பச்சப்புள்ள பால் இல்லாமக் கத்துது புள்ள. மாதா மடியிலயும் ஒரு கைப்புள்ள இருந்துச்சு, அதுக்கும் பசிச்சிருக்கும்.

— கொழுந்தெடுக்க இடுப்புல கட்டுற அந்தப் படங்குச் சாக்க எடுங்க.

— போறியா?

— வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிச்சாச்சு, போகாம? அவங்கள முன்னாடி போகச் சொல்லுங்க. நான் கேட்டுப் பாக்குறேன். ஆனா வைய மாட்டேன், அதையும் சொல்லிருங்க.

— நீ வையாமக் கேட்டா அவன் எங்க கேக்கப் போறான் நாயகி? சரி, முருகன் விட்ட வழி.

— அக்கா, இப்ப நேராப் பேசிட்டீங்க.

— வாய் தவறிருச்சு தம்பி. நான் முன்னாடி போறேன்னு சொல்லு.

*

— வந்துட்டியா நாயகி? கூடைய எறக்கு, எறக்கு. பேக்டரி முழுக்க இன்னிக்கி ஒன் கதைதான். நீ கணக்கப்புள்ளைக்குச் சூனியம் வச்சுட்டன்னு ஒருத்தன் சொல்றான். அவன் ஒன் கால்ல விழுந்தான்னு இன்னொருத்தன் சொல்றான். எது நெசம்?

— ரெண்டும் இல்ல. அந்த அடுப்பக் கொஞ்சம் ஊதுங்க, கை வெறைச்சுக் கெடக்கு. சொல்றேன்.

— ஊதியாச்சு. சொல்லு.

— பால் குடுக்குற நேரம் வந்ததும் என் தேயிலை நிரைய விட்டு எறங்கி அவன்கிட்ட போனேன். ஐயா, ராக்காயி கீழ போயிட்டு வரட்டும், அவ நிரையையும் நானே எடுக்குறேன், கொழுந்து கொறையாதுன்னு கேட்டேன். என் கொரல் எனக்கே அடையாளம் தெரியல. அவ்வளவு மெதுவா வந்துச்சு.

— அவன் என்ன சொன்னான்?

— சிரிச்சான். பொம்பளைங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ஒரு புள்ளைய முழுங்குன வாய் இன்னொரு புள்ளைக்கு வக்காலத்து வாங்க வந்திருக்குன்னான்.

— அப்படியா சொன்னான்?

— அப்படித்தான் சொன்னான். பதில் நாக்கு நுனியில நிக்கிது. அவன் பொஞ்சாதி ஏன் அவன விட்டுட்டு ஓடினான்னு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தேன்னா அப்பறம் அவன் இந்தத் தோட்டத்துல தலை நிமிந்து நடக்க முடியாது.

— சொல்லலையே?

— மந்திரம் சொன்னேன். ஒண்ணு முடிஞ்சுச்சு, வார்த்தை போகல. இன்னொண்ணு சொன்னேன். அப்பவும் போகல. கண்ண மூடிக்கிட்டு சொல்லிக்கிட்டே நின்னேங்க, எவ்வளவு நேரம்னு தெரியாது. தொறந்து பாத்தா அவன் மூஞ்சி வெளிறிக் கெடக்கு. என்னடி முணுமுணுக்கிற, எனக்குச் சாபம் விடுறியான்னான்.

— நீ?

— செபம் பண்றேங்கய்யா, ஒங்களுக்கும் சேத்துத்தான்னேன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். பின்னாடியே நகந்து போய்த் தேயிலைச் செடியில விழுந்தான், குடைத்துணி கிழிஞ்சுபோச்சு. போகச் சொல்லு, அவளப் போகச் சொல்லுன்னான். ராக்காயி சறுக்கி விழுந்து எந்திரிச்சு ஓடினா. சாயங்காலம் கொழுந்து நிறுக்குறப்ப எல்லாரையும் வச்சுக்கிட்டு சொல்லிட்டான், நாளையிலேருந்து பால் குடுக்குறவங்க பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து மலையிலயே எடுக்கணுமாம்.

— சும்மா சொல்லக்கூடாது, நீ பெரிய ஆளு. அப்பறம் ஏன் புள்ள மூஞ்சி வாடிக் கெடக்கு?

— அவன் மனசு எரங்கி விடலங்க. என் கருநாக்குக்குப் பயந்து விட்டான். நான் எதக் கழுவணும்னு இத்தன நாளாப் பாடுபட்டேனோ, அந்த அழுக்குத்தானே இன்னிக்கும் வேலை செஞ்சிருக்கு?

— அந்தப் புள்ளை குடிச்ச பாலுக்கு அதெல்லாம் தெரியுமா? நீ வையல. ஆண்டவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவன் எதுக்குப் பயந்தாங்கிறது அவன் பாடு. இந்தா, சூடா ஒரு வாய் குடி. இன்னிக்கி நானும் பீடியத் தொடல, வாய மோந்து பாரு.

— வேணாம், நம்புறேன்.

— நாயகி.

— அட, லெட்சுமியக்கா மறுபடியும் வந்திருக்காங்க. சொல்லுங்கக்கா, நான் இவகிட்ட...

— நீ தள்ளிக்க தம்பி. நான் அவகிட்டதான் பேச வந்தேன். நேராவே பேசுறேன்.

— உள்ள வந்து உக்காருங்க லெட்சுமியக்கா. புள்ளை எப்படி இருக்கு?

— வயிறு நெறையக் குடிச்சுட்டுத் தூங்குது. ராக்காயிக்கும் காய்ச்சல் எறங்கிருச்சு. நான் உக்கார வரல நாயகி. அந்தப் பாவி மலையில அந்த வார்த்தைய சொன்னப்போ நான் பக்கத்து நிரையிலதான் நின்னேன். நீ மூடின கண்ணுலேருந்து தண்ணியா ஓடுது. என்னால பாக்க முடியல.

— விடுங்கக்கா. அவன் சொன்னது பொய்யில்லையே.

— பொய். முருகன் மேல ஆணையா, பொய். பீலிக்கரையில நீ அந்த வார்த்தைய விடுறதுக்கு முன்னாடியே ராக்காயி வயித்துல புள்ளை அசையல. மருத்துவச்சி வேலாயி வந்து தொட்டுப் பாத்துட்டு, உசுரு இல்ல லெட்சுமின்னு எங்காதுல சொல்லிட்டா. நாங்க சொல்லலன்னாலும் சுமக்குறவளுக்குத் தெரியாமப் போகுமா? அதான் ராக்காயி பித்துப் புடிச்சவளாட்டம் வந்து ஒன் குடத்த இழுத்தா.

— அக்கா, என்ன சொல்றீங்க நீங்க?

— லயத்துல எல்லாரும் இவளக் கருநாக்குன்னப்ப நான் வாயத் தொறந்திருக்கணும் தம்பி. தொறக்கல. மொதப் பேரப்புள்ளை போன வயித்தெரிச்சல். எரியிற நெருப்ப எங்கயாச்சும் கொட்டணும்னு இருந்துச்சு, இவ தலையில கொட்டிட்டேன். நாள் போகப் போக, சொல்ல வெக்கமாப் போச்சு. நீ பேசிக் கெட்ட நாயகி. நான் பேசாம இருந்து ஒன்னைக் கெடுத்தேன்.

— ரெண்டு வருசமா இவ ஒரு சீமந்த வீட்டு வாசல்ல நின்னதில்ல தெரியுமா? கைக்கொழந்தையோட யாராச்சும் எதுக்க வந்தா வேற பாதையில எறங்கிப் போயிருவா. நீங்க இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தானே படுத்திருந்தீங்க? இவ அழுவுறது ஒங்களுக்குக் கேக்கலையா? மனுசியா நீங்க?

— என்னங்க, சத்தம் போடாதீங்க. அங்க புள்ளை முழிச்சுக்கும்.

— கேட்டுச்சு தம்பி. கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். நாயகி, நீ ஏன் சும்மா நிக்கிற? என்னை வையி. தவசா இருந்தாலும் பரவாயில்ல, இதுக்கு ஒங்க சாமி கோவிச்சுக்காது. நாலு வார்த்தை வஞ்சிரு, நான் வாங்கிக்கிட்டுப் போறேன்.

— கொஞ்சம் பொறுங்கக்கா. ஒதடு அசையுது பாருங்க. மந்திரம் சொல்றா.

— எவ்வளவு நேரம் சொல்லுவா?

— வார்த்தை உள்ள போற வரைக்கும்.

— நாயகி, எதாச்சும் பேசும்மா.

— லெட்சுமியக்கா, செத்துப்போன அந்தப் புள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு இருந்தீங்க? ரெண்டு வருசமா ஒவ்வொரு பூசையிலயும் அதுக்காக வேண்டிக்கிறேன், சொல்லிக் கூப்பிடத்தான் எனக்கு ஒரு பேரு தெரியல.