மடித்து வைத்த இறக்கை

சாயங்காலம் நாலரை மணி. ஜனவரி மாதம். கரகோல் டவுனிலிருந்து நம் ஜிர்கலான் கிராமத்துக்கு வரும் ரோட்டில், மரப்பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரே ஒரு வேன். முன்னும் பின்னும் வேறு வண்டி இல்லை… என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருத்தி, கையில் வாக்கி-டாக்கியோடு மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பெகிமாய். மலையிலிருந்து பறந்து வந்து பாலத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டிய அவள் புருஷன் மெலிஸ் இன்னும் வரவில்லை.

கதவைச் சரியாகச் சாத்து, அய்தார். சூடெல்லாம் வெளியே போகிறது. நிலக்கரி என்ன உன் அப்பன் வீட்டிலிருந்தா வருகிறது. ம்… இப்போது எல்லாரும் அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். உன் பாராகிளைடர் இறக்கையை வாசலில் பனிமேல் விரித்தபடியே போட்டுவிட்டு வந்திருக்கிறாய், பார்த்தேன். கேட்டால் காலையில் மடித்துக்கொள்ளலாம் என்கிறாய். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றபடி, பிஷ்கெக்கிலிருந்து வந்து என் வீட்டில் பொரித்த பூர்சோக் ரொட்டியைத் தின்று தீர்க்கும் கூட்டத்துக்குக் கதை சொல்ல எனக்கென்ன வேண்டுதலா.

இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பன் தொக்தாரின் அண்ணன் எர்மெக்குக்கு நடந்தது. எர்மெக்கும் மெலிஸும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. குளிர்காலம் வந்தால் இரண்டு பேரையும் வீட்டில் பார்க்க முடியாது. காலில் சறுக்குக் கட்டை, முதுகில் பாராகிளைடர். கட்டையோடு சரிவில் சறுக்கி, இறக்கை எழும்பியதும் பள்ளத்தாக்குக்கு மேலே போய்விடுவார்கள். பெகிமாய் கீழே வேனோடு காத்திருந்து அள்ளிப்போட்டுக்கொண்டு வருவாள். அப்புறம் டீ, இறைச்சி, கிண்டல், சண்டை… உங்களைப் போலத்தான்.

அந்த வருஷம் மேலே புதிதாக ஒரு சுற்றுலா முகாம் வந்தது. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பறக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு ஆள். வேலை தனக்குத்தான் என்று எர்மெக் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மெலிஸ் வாயைத் திறக்காமல் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தான். அன்று மத்தியானம், உச்சியில் கட்டையை மாட்டும்போதுதான் எர்மெக்குக்கு விஷயம் தெரிந்தது.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டல்ல?"

"நீ ஊர் முழுக்க பீத்திக்கிட்டுத் திரிஞ்ச. நான் போய்க் கேட்டேன். அவ்வளவுதான்டா."

"இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"முழிக்காத. டீ குடிக்க மட்டும் வா." மெலிஸ் சிரித்துவிட்டுச் சறுக்கிக் கிளம்பினான். சிவப்பு இறக்கை. சிரித்ததுதான் எர்மெக்குக்குப் பொறுக்கவில்லை. அவனும் பின்னாலேயே பறந்தான்.

பாதி வழியில் காற்று செத்துவிட்டது. தாஷ்-கொரோ பள்ளம் தெரியுமல்லவா… அந்தப் பழைய கல்லறைகள் இருக்கும் இடம். மேலே பறந்து போகும்போதுகூட ஒரு கையை விட்டு, உள்ளங்கையால் முகத்தை வழித்து, செத்தவர்களுக்காக வேண்டிக்கொண்டுதான் கடப்போம். மெலிஸ் தாழ்ந்து தாழ்ந்து அதற்குள்ளேயே இறங்கினான். சற்று உயரத்தில் இருந்த எர்மெக்குக்கு மட்டும் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது. அவன் பள்ளத்துக்கு நேர் மேலே வரும்போது கீழே பார்த்தான்.

சிவப்பு இறக்கை பனிமேல் முழுசாக விரிந்து கிடந்தது. ஓரம் மட்டும் பட்… பட்… என்று அடித்துக்கொண்டிருந்தது.

நம் ஆட்களுக்குள் இருக்கும் முறை உங்களுக்கே தெரியும். இறங்கியதும் இறக்கைத் துணியை மடித்துச் சுருட்டிவிட வேண்டும். மடிந்து கிடந்தால், நான் நன்றாக இருக்கிறேன், நீ போ. விரிந்து கிடந்தால், எனக்கு அடிபட்டிருக்கிறது, வா. மேலே இருப்பவன் அதைப் பார்த்துத்தான் கீழே சொல்வான். வேறு யாருக்கும் அங்கே கண் கிடையாது.

எர்மெக்குக்கு அது தெரியாதா. நேற்றுப் பிறந்தவனா அவன். பக்கத்திலேயே இறங்கியிருக்கலாம், இடம் இருந்தது. ஆனால் உச்சியில் கிளம்பியதிலிருந்து நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்தது. கட்டை காலில்தானே இருக்கிறது, சறுக்கி வந்து சேரட்டும், கொஞ்சம் வேர்க்கட்டும் என்று நினைத்தான். அதற்குள் வாக்கி-டாக்கியில் பெகிமாயின் குரல்.

"எர்மெக், அவரு எங்க?"

"தாஷ்-கொரோல இறங்கிட்டான்."

"துணி?"

கொஞ்ச நேரம் கரகரப்புச் சத்தம் மட்டும்.

"மடிச்சிட்டான். நல்லாதான் இருக்கான்."

அதை நம்பித்தான் அவள் பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எர்மெக் வந்து இறங்கி, வேனுக்குள் அவளோடு உட்கார்ந்து, அவள் ஊற்றிக் கொடுத்த டீயையும் குடித்தான். வெளிச்சம் போனது. குளிர் இறங்கியது. மெலிஸ் வரவில்லை.

முகாமிலிருந்து ஸ்னோமொபைலில் போய்த் தேடினார்கள். எர்மெக்கும் போனான். விளக்கு வெளிச்சத்தில், ஒரு பாறையில் சாய்ந்தபடி மெலிஸ்… விறைத்துப் போயிருந்தான். கண் திறந்திருந்தது. இரண்டு முன்கையும் உடைந்திருந்தன. விழுந்த வேகத்திலேயே உடைந்தவை என்று பிறகு டாக்டர் சொன்னார்.

பக்கத்தில் அவன் பை. இறக்கை அதற்குள் இருந்தது. மடித்து, காற்றைப் பிழிந்து, நாடாவால் இறுக்கிக் கட்டி. மெலிஸ் பையில் கொக்கி உடைந்து ரொம்ப நாளாயிற்று. குதிரையின் முன்னங்காலைப் பிணைக்கும்போது போடுவோமே ஒரு முடிச்சு, அதைத்தான் போடுவான். அந்த முடிச்சுதான் இருந்தது. சுற்றிப் பனியில் ஒரு காலடி இல்லை.

"நீ சொன்ன மாதிரியேதான் இருக்குப்பா, மடிச்சுதான் வெச்சிருக்கான். அதுக்கப்புறம் ஏதோ ஆயிருக்கு" என்று எல்லாரும் எர்மெக்கின் முதுகைத் தட்டினார்கள். விரிந்து கிடந்ததைப் பார்த்தவன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். வாயை மூடிக்கொண்டான். முகாம் வேலையும் அவனுக்கே வந்தது.

நாற்பதாம் நாள். செத்தவனுக்கு வாசம் போய்ச் சேரட்டும் என்று பெகிமாய் வாசலில் எண்ணெய் காய்ச்சி பூர்சோக் பொரித்துக்கொண்டிருந்தாள். வீடு நிறைய ஆட்கள். எர்மெக் உள்ளே வந்து உட்கார்ந்ததும், அவள் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். எல்லாருக்கும் முன்னால்.

"துணி மடிச்சிருந்ததை நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"ரொட்டி மேல சத்தியம் பண்ணிச் சொல்லு."

"நான் சொன்னது பொய்யா இருந்தா, இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

அதற்கு மேல் நம்மில் யாரும் ஒருத்தனைக் கேட்க மாட்டோம். அவளும் கேட்கவில்லை. அந்த ரொட்டியை அவன் அங்கேயே பிய்த்துத் தின்ன வேண்டியதாயிற்று. அவளும் பிழைக்க வேண்டுமே… முகாம்காரர்களுக்கு அதே வேனை ஓட்ட ஒப்புக்கொண்டாள். மறுபடியும் அதே பாலம், அதே வாக்கி-டாக்கி.

அடுத்த குளிர்காலம். விருந்தாளிகள் இல்லாத ஒரு நாள், எர்மெக்கும் தம்பி தொக்தாரும் மட்டும் பறந்தார்கள். எர்மெக் வருஷம் பூராவும் தாஷ்-கொரோ பக்கமே போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவன். அன்று வானம் தெளிவு, காற்றும் நல்ல காற்று. திடீரென்று மூக்கில் ஒரு வாசம்… எண்ணெய் காயும் வாசம். அவ்வளவு உயரத்தில். சுற்றிலும் வீடு இல்லை, அடுப்பு இல்லை. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் இறக்கையின் ஒரு பாதி மடங்கிச் சரிந்தது. சுழன்று சுழன்று போய் விழுந்தான்.

எங்கே என்று நான் சொல்ல வேண்டுமா.

பொழுது சாய்ந்தும் அவன் வராததால், தொக்தார் முகாமுக்கு ஓடி வந்தான். ஸ்னோமொபைலை ஓட்டியது நான்தான். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதே பாறை. எர்மெக்குக்கு உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. பறக்கும்போது உட்காரும் இருக்கையில் மாட்டிய வார்கூட அவிழாமல் உட்கார்ந்தபடி இருந்தான். வாக்கி-டாக்கியில் பேசும் பொத்தான் நொறுங்கியிருந்தது. கேட்க மட்டும் கேட்டது. அவனுக்குப் பின்னால் பை. நீல இறக்கை மடித்து உள்ளே. அந்தப் பைக்குக் கொக்கி நன்றாகவே இருந்தது. ஆனால் கொக்கி மாட்டியிருக்கவில்லை. நாடாவில் முடிச்சு. எந்த முடிச்சு என்று உங்களுக்கே தெரியும். தொக்தார் எடுக்கக் கை நீட்டினான்.

"தொடாதடா" என்றான் எர்மெக்.

ஊர் வருவதற்குள் போய்விட்டான். வழியில் ஸ்னோமொபைலுக்குப் பின்னால், தம்பி மடியில் தலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னானாம். உச்சியில் போட்ட சண்டை. விரிந்து கிடந்த சிவப்பு. டீ குடித்தது. ரொட்டி. அதற்குப் பிறகு, அன்று நடந்தது.

விழுந்ததும் அவன் பயப்படவில்லையாம். இறக்கை பின்னால் விரிந்து கிடக்கிறது, மேலே தம்பி வருகிறான், பார்ப்பான், இறங்குவான். அந்த ஒரு நம்பிக்கைதான். படபடவென்று துணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தான். அது அடிக்கிற வரைக்கும் தனக்கு உயிர் உண்டு என்று நினைத்தான்.

சத்தம் நின்றது.

காற்று நிற்கவில்லை. முகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. துணி மட்டும் அடங்கிப் போனது. பிறகு… சரக்… சரக்… துணியைச் சேர்த்து அள்ளும் சத்தம். இருக்கையில் இழுத்துக்கொண்டிருந்த கயிறுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பனியைத் தட்டிவிடுவது கேட்டது. மடிப்புமேல் முட்டி போட்டு காற்றைப் பிழிவது கேட்டது… உஸ்ஸ்ஸ் என்று. எண்ணெய் வாசம் பிடரிக்குப் பக்கத்தில் வந்தது. நாடாவை இரண்டு தரம் இழுத்து இறுக்குவதும் கேட்டது.

அப்போது தலைக்கு மேலே தம்பியின் நிழல் கடந்து போனது. எர்மெக் கத்தினான். அவ்வளவு உயரத்துக்கு யார் குரல் கேட்கும். நெஞ்சில் கிடந்த வாக்கி-டாக்கி பேசியது.

"தொக்தார், உங்க அண்ணன் எங்க?" பெகிமாய்.

"தாஷ்-கொரோல இறங்கிட்டாருக்கா."

"துணி?"

"மடிச்சிட்டாரு. நல்லாதான் இருக்காரு."

கொஞ்ச நேரம் கரகரப்புச் சத்தம் மட்டும்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சரி. அப்ப அவசரமில்ல."

அந்தக் குரலில் அவள் என்ன நினைத்துச் சொன்னாள் என்று தொக்தார் இன்றுவரை என்னைக் கேட்கிறான். நான் அவளைக் கேட்டதில்லை. நாளைக்கு உங்களை ஏற்றிப் போக வேனில் வரப்போவதும் அவள்தான். தைரியம் இருந்தால் நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

அடுப்பில் கரி தீரப் போகிறது. போதும், படுங்கள். அய்தார், நீ மட்டும் எழுந்திரு. விளக்கை எடுத்துக்கொள்.

"என்னண்ணே, இப்பவே போகணுமா?"

"இப்பவே. துணி விரிஞ்சு கிடந்தா, மடிச்சு எடுத்துட்டு வா."

"சரிண்ணே."

"ஏற்கெனவே மடிஞ்சிருந்தா… தொடாம வந்துரு."