சீனர் விருந்து வாசலில் தவநாயகியின் கூறை

சீன முதியோர் சங்கத் தலைவியாய் இருந்து இன்று நம் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் லியூங் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முத்துக்களாய் வீற்றிருக்கும் சீனப் பெரியோர்களே! இலண்டனின் மிச்சம் பகுதியிலிருந்தும் கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் மழையை மதியாது வந்த தாய்மார்களே, தந்தையரே! தமிழ் பயிலும் தளிர்களே! தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

இந்த மண்டபத்துக்கு வாடகை கட்டுவது யார்? நாமா? பின்வரிசையில் ஒருவர் ஓம் என்கிறார். இல்லை ஐயா, இல்லவே இல்லை! சீன முதியோர் ஞாயிறுதோறும் கூடிச் சாப்பிடக் கவுன்சில் மானியம் கொடுக்கிறது. அந்த மானியத்தில் நாள் முழுதும் மண்டபத்தை எடுத்து, பின்னேரத்தை நம் பிள்ளைகளுக்குத் தந்தவர் இந்த அம்மையார். நாம் கேட்டோமா? கேட்கவில்லை. இடமில்லாமல் நம் பள்ளி தெருவில் நின்றதைக் கண்டார், கதவைத் திறந்துவிட்டார்.

இந்த ஆண்டு அந்த மானியத்துக்கே ஆபத்து வந்தது. மண்டபத்துக்கு ஆட்கள் வருகிறார்களா என்று பார்க்க, சீனப் புத்தாண்டு விருந்தன்று கவுன்சில் அதிகாரி வருவதாக அறிவித்தார்கள். ஆளில்லையேல் மானியமில்லை, மானியமில்லையேல் அவர்களுக்கும் மண்டபமில்லை, நமக்கும் இல்லை.

நம்மவர் சும்மா இருப்பார்களா? செயலாளர் சபாரத்தினம் அண்ணை ஆட்களோடு விடியவே போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் பெரிய மனிதருக்குச் செய்யும் மரியாதையைச் சீனப் பெரியவருக்கும் செய்வோமென்று, வாசலுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டினார், கீழே வெள்ளைத் துணி விரித்தார். வந்த முதியோர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வெள்ளை அவர்களுக்குச் செத்தவீட்டு நிறமாம்! நம்மில் ஒருவருக்காவது தெரிந்ததா? சிரிக்காதேங்கோ அண்ணை, உங்களைத்தான் சொல்கிறேன்.

அவசரமாய் வெள்ளையைக் கழற்றினோம். ஆனாலும் அவர்கள் அசையவில்லை. ஆண்டின் முதல் விருந்துக்குச் சாவின் வாசலால் நுழைவதா என்ற கலக்கம். சிவப்புத்தான் அவர்களுக்கு மங்கல நிறமாம். வெளியே குளிரில் முதியோர். உள்ளே வெறும் கதிரைகளுக்கு நடுவே அதிகாரி.

அப்போதுதான் நம் ஆசிரியை தவநாயகி, "கொஞ்சம் பொறுங்கோ, வாறன்" என்று பக்கத்துத் தெருவிலுள்ள தன் வீட்டுக்கு ஓடினார். கையில் கூறைச்சேலையோடு திரும்பினார். போர்க்காலத்தில் ஊரில் குண்டு விழுந்த வீட்டிலிருந்து பிள்ளையையும் இந்தக் கூறையையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். "என்னட்டை இருக்கிற சிவப்பு இதுதான்" என்று சொல்லி அதைத் தரையில் விரிக்கக் குனிந்தார்.

விட்டாரா லியூங் அம்மையார்? தாலி ஏறிய சேலையில் கால் படக்கூடாது என்று அவருக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை! கையைப் பிடித்துத் தடுத்தார். கூறையை வாங்கி வாசலுக்கு மேலே கட்டினார். அதன் கீழே தலைகுனிந்து முதலில் அவர் நுழைந்தார். பின்னால் பெரியோர் அனைவரும் நுழைந்தார்கள். மண்டபம் நிறைந்தது, மானியமும் நிலைத்தது.

கை தட்டுகிறீர்கள், தட்டுங்கோ. ஆனால் என் நெஞ்சு நிமிர்வது மானியத்தால் அல்ல. இது யாருடைய துணி என்று அதிகாரி கேட்டார். அம்மையார் ஆங்கிலத்தில் சொன்ன பதிலை நம் பேச்சில் சொல்கிறேன்: "எங்கட வீட்டுப் பிள்ளையின்ர கலியாணச் சேலை."

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதிகளாய் வரிசையில் நின்ற சனம் நாம். யார் நீ, எங்கிருந்து வந்தாய், உனக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கக் கேட்க, வாயடைத்து நின்றோமே! அந்தக் கேள்விக்கு இந்த இலண்டன் மாநகரில் நமக்காக ஒரு தாய் பதில் சொல்லிவிட்டார்.

பொறுமையோடு கேட்ட சபைக்கு என் நன்றி. தாயே, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருடைய வணக்கமும் உங்களுக்கு!