அடியிலும் பூசிய பாத்தி

— அடியிலயுமா பூசின? அண்ணே, மண்ணுக்கு அடியிலயுமா சிமெண்ட் போட்டுப் பூசின?

— சுத்தி நாலு வரி செங்கல். உள்பக்கம் பூச்சு, அடியில ரெண்டு இன்ச் தளம். ஒரு சொட்டு வெளிய கசியாது. வேலைன்னா வேலையா இருக்கணும் பாப்பா.

— பூ வைக்கப் பாத்தி கேட்டா, கொத்தனார் தண்ணித் தொட்டி கட்டி வெச்சிருக்காரு! தண்ணி எப்படி ஊத்துன?

— காலையில ரெண்டு குடம், சாயங்காலம் ரெண்டு குடம். இன்னியோட அறுபத்தி மூணு நாள், ஒரு வேளை விட்டதில்ல. தளம் போட்டா தண்ணி கட்டி நிறுத்தணும், இல்லேன்னா வெடிச்சுரும். முப்பது வருஷமா அதானே என் பொழப்பு.

— இது தளமா? ரனன்குலஸ் பூவோட கிழங்கு! நாலு மணி நேரம் ஊறவை, நட்டுட்டு ஒரே ஒரு தரம் நனை, முளை தலை காட்டுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா? எவ்வளவு நேரம் ஊறவெச்ச?

— விடிய விடிய. செங்கல்லை அப்படித்தான ஊறவைப்போம்.

— கிழிஞ்சுது போ. பூக்கடையில வேலை பாக்குறவ பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை. ஒண்ணை நோண்டிப் பாரு.

— காலையிலயே பாத்துட்டேன். நீ குடுத்தப்போ கோழிக்கால் நகமாட்டம் வறவறன்னு இருந்துச்சு. இப்பச் சளி மாதிரி விரல்ல ஒட்டுது. நாத்தம் வேற. அதான் விவரம் சொல்லாம, கடையிலேருந்து பூ கொண்டாந்துருன்னு போன் போட்டேன்.

— இருபதுமா?

— இருபதும்.

— ரெண்டு மாசமா ஒண்ணும் முளைக்கலையேன்னு ஒரு சந்தேகம் கூடவா வரல உனக்கு?

— வந்துச்சு. ஆனா உங்க அண்ணி கட்டில்ல படுத்துக்கிட்டே ஜன்னல் வழியாப் பாத்து, "இலை நல்லா தடிச்சிருக்குங்க"ன்னா. சரி, களை எது பயிரு எதுன்னு நமக்குத்தான் தெரியல போலன்னு விட்டுட்டேன்.

— இப்ப அண்ணிகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்க?

— மெதுவாப் பேசு, ஜன்னல் தொறந்திருக்கு. மொட்டு விட்டுருச்சு, இன்னிக்கோ நாளைக்கோ பூத்துரும்னு சொல்லிட்டேன்.

— சொல்லுவ, சொல்லுவ. பேசாம உள்ள போய் உண்மையைச் சொல்லிரு. இல்ல, நான் சொல்றேன்.

— வேணாம். சர்க்கரை முத்தி கிட்னி ரெண்டும் போச்சு, இந்த மாசம் தாண்டினாப் பெரிசுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. இன்னிக்குக் காலையில மாத்திரைத் தண்ணி டம்ளரைக் கைக்குப் பக்கத்துல வெச்சும் தடவித் தடவித் தேடித் தட்டி விட்டுட்டா, அவ்வளவு அசதி. என்கூடச் சித்தாளாச் சட்டி தூக்க வந்த நாள்லேருந்து சிமெண்டு கலரைத்தான் பாத்தா. "சாம்பலா பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு, நல்ல செவப்பா ஒரு பூ, நம்ம வீட்டு மண்ணுல பூத்ததாப் பாத்துட்டுப் போறேன்"னா. எங்கிட்ட அவ வாய் விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். அதையும் அழுக வெச்சுட்டேன்னு எந்த மூஞ்சியோட போய்ச் சொல்ல? நீ கடையிலேருந்து கொண்டாந்தியா இல்லியா?

— கொண்டாந்தேன். பன்னெண்டு தண்டு. ஆனா செவப்பு கிடையாது.

— என்னது?

— இன்னிக்கு வண்டியில வந்ததே வெள்ளைதான். பக்கெட் பக்கெட்டாத் தேடுனேன், பேருக்கு ஒண்ணு கூடச் செவப்பு இல்ல.

— சுத்தம்.

— பாப்பா கிழங்கை மாத்திக் குடுத்துட்டாளாம்னு சொல்லு. பழி எம்மேல போகட்டும், அண்ணிகிட்டத் திட்டு வாங்குறது எனக்குப் புதுசா? மண்ணுல செருகு சீக்கிரம்.

— நேரா நிக்க மாட்டேங்குது.

— தூக்குக்குண்டு வெச்சாப் பாக்கப் போறாங்க? பூ கொஞ்சம் சாஞ்சுதான் நிக்கும். கையைக் கழுவிரு, தண்டுச் சாறு பட்டா எரியும். எம் விரலைப் பாரு, தோலே உரிஞ்சு கெடக்கு.

— சிமெண்டு தின்ன கை. இதுல எரியறதுக்கு என்ன இருக்கு?

— அடியே வாயாடி! வந்துட்டு உள்ள வராம, அங்க உங்கண்ணன்கூட என்னடி குசுகுசுன்னு?

— ஒண்ணுமில்ல அண்ணி. பாத்தியைப் பாத்துட்டு இருக்கோம்.

— பூத்துருச்சுன்னு சொல்லேன். என்னங்க, குறுக்க நிக்காதீங்க. தள்ளுங்க, நான் பாக்க வேணாமா?

— தள்ளிட்டேன். நல்லாப் பாரு. ஆனா... கலருதான் கொஞ்சம்...

— அம்மாடி, என்னா செவப்பு! நான் கேட்ட அதே செவப்புங்க.